வெள்ளிக்கிழமைக் கோடு

கோல்ஃப் பற்றி எழுதப் போகிறேன். பெருமுக்கல் மலையடியில் உட்கார்ந்துகொண்டு இவருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்பீர்கள். மல்லாட்டைக்கு மழை வருமா, ஏரி நிரம்புமா, குவாரி வெடியில் சுவர் விரிசல் விடுமா என்று யோசிக்கிற ஊர் நம்முடையது. கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டவர் நம்மில் எத்தனை பேர்? நானும் தொட்டதில்லை. தொலைக்காட்சியில் பார்ப்பதோடு சரி. அதுவும் தூக்கம் வராத இரவுகளில். அமெரிக்காவில் பிற்பகல் ஆட்டம் என்றால் நமக்கு நடுராத்திரி. பச்சைப் புல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி. நம் வயதுக்கு அதுவும் ஒரு வைத்தியம்.

என்னை எழுத வைத்தது ஒரு போதனை. "கழுத்துக்கு மேலே கத்தி தொங்கினால்தான் மனுஷன் ஒழுங்காக உழைப்பான். கோல்ஃப்காரர்களைப் பாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் என் அக்கா பையனும் அதையே சொல்கிறான். "மாமா, அங்க நூத்தியோராவது ஆளுக்கு வேல போயிடும். அதனாலதான் அவனுங்க அந்த லெவல்ல ஆடறானுங்க. உங்க காலத்து கவர்ன்மென்ட் ஆபீஸ் மாதிரி இல்ல." அவன் கம்பெனியில் வருஷா வருஷம் கடைசி வரிசையில் வருகிறவர்களைக் கணக்கெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அதையும் பெருமையாகத்தான் சொல்கிறான். அவன் பெயர் அந்த வரிசையில் வராதவரைக்கும் அந்தப் பெருமை இருக்கும்.

அந்த நூற்றியோராவது ஆளைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

கோல்ஃப் போட்டி என்பது நான்கு நாள் ஆட்டம். தினம் 18 குழி. குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளுக்குள் போட்டவர் ஜெயித்தவர். அமெரிக்காவின் பிஜிஏ டூர் போட்டி பெரும்பாலும் வியாழக்கிழமை தொடங்கும். வெள்ளிக்கிழமை மாலை, 36 குழி முடிந்ததும், ஒரு கோடு கிழிப்பார்கள். முதல் 65 பேரும், அந்த 65-வது இடத்தில் சமமாக நிற்பவர்களும் சனி, ஞாயிறு ஆடலாம். பரிசுப் பணமும் அவர்களுக்குத்தான். கோட்டுக்கு வெளியே போனவர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வந்த செலவு, தங்கிய செலவு, பை தூக்குகிறவருக்குக் கொடுத்த கூலி எல்லாம் கைக்காசு. (அந்தப் பை தூக்குகிறவரை ஆங்கிலத்தில் 'கேடி' என்பார்கள். தமிழில் அப்படி எழுதினால் போலீஸ் ஸ்டேஷன் பலகையில் போட்டோவோடு இருப்பவர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். ஆகவே பை தூக்குகிறவர் என்றே எழுதுகிறேன்.)

வாரத்துக்கு ஒரு கோடு போதாது என்று வருஷத்துக்கு ஒரு கோடும் உண்டு. வருஷம் முழுவதும் சேர்த்த புள்ளிகளை வரிசைப்படுத்தி, இத்தனாவது இடம் வரைக்கும் அடுத்த ஆண்டு முழு உரிமை, மற்றவர்களுக்கு அரைகுறை உரிமை அல்லது ஒன்றுமில்லை என்று பிரிப்பார்கள். இந்த உரிமைக்குப் பெயர் 'டூர் கார்டு'. நம் ரேஷன் கார்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும்வரை அதன் அருமை யாருக்கும் தெரியாது.

1983-க்கு முன்னால் இந்தக் கார்டு பணப் பட்டியலில் முதல் 60 பேருக்குத்தான். மற்றவர்கள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு தகுதிச் சுற்று ஆடி, மிச்சமிருக்கும் சில இடங்களுக்கு முட்டிமோத வேண்டும். கிடைக்காவிட்டால் காரை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர், அடுத்த திங்கள். ஊர் ஊராகத் தாவுவதால் அவர்களுக்கு 'முயல்கள்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆட்டக்காரர்களே இது அநியாயம் என்று பேசிப் பேசி, 1983-இலிருந்து 125 பேருக்கு முழு உரிமை என்று மாற்ற வைத்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் அது நின்றது. 2024 நவம்பரில் டூர் நிர்வாகம் கூடி அதை 100 ஆகக் குறைத்தது. 2025 பருவத்தின் கணக்கை வைத்து 2026-க்கு அது அமலுக்கும் வந்துவிட்டது. இரண்டாம் நிலைப் பந்தயங்களிலிருந்து மேலே வருகிறவர்களுக்கு வருஷம் 30 கார்டு கொடுத்துவந்தார்கள். அதையும் 20 ஆக்கினார்கள்.

காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? ஆட்டக்காரர்கள் அதிகமாக இருப்பதால் பொழுது சாய்வதற்குள் சுற்று முடிவதில்லையாம். வெளிச்சம் போதவில்லை என்பதற்காக 25 பேரின் வருஷத்தையே இருட்டாக்குகிறார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எந்த ஆபீஸிலும் ஆள் குறைக்கும் உத்தரவில் உண்மையான காரணத்தை எழுதமாட்டார்கள் என்பது முப்பத்தாறு வருஷம் கோப்பு பார்த்தவனுக்குத் தெரியாதா?

இந்தக் கோடு திறமையைத் துல்லியமாக அளக்கிறது என்று நம்புகிறவர்களுக்கு இரண்டு பேரைக் காட்டுகிறேன். இருவருமே டூர் கார்டுக்கான தகுதிப் போட்டியில் சிக்கியவர்கள். அப்போதெல்லாம் அதன் இறுதிக் கட்டம் ஆறு நாள், 108 குழி. ஒரு வருஷ வாழ்க்கை ஆறு நாளில் தீர்மானமாகும்.

1999-இல் ஜாக்ஸன் பிரிக்மன் என்பவர் கடைசி நாள் 65 அடியில் சுற்றை முடித்தார். கார்டு கிடைத்துவிட்டது. ஆனால் அவருடைய கணக்கை எழுதிய சக ஆட்டக்காரர் ஒரு குழியில் 3-க்குப் பதில் 4 என்று எழுதியிருந்தார். பிரிக்மன் சந்தோஷத்தில் கூட்டலைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். கோல்ஃப் விதிப்படி அதிகமாக எழுதிக் கையெழுத்திட்டால் எழுதியதுதான் கணக்கு. 65 என்பது 66 ஆனது. ஒரே ஒரு அடியில் கார்டு போயிற்று. அந்த 65 அடிகளையும் மைதானத்தில் எல்லோரும் பார்த்தார்கள். அவர் என்ன ஆடினார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் காகிதத்தில் 66 இருந்தது. நம்மில் பென்ஷன் கோப்பில் பிறந்த தேதி தப்பாகி அலைந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதன் வலி சட்டென்று புரியும்.

அடுத்த ஆண்டு, 2000-இல், ஜோ டேலி. நான்காம் நாள் ஒரு குட்டையான தட்டு. பந்து குழிக்குள் போயிற்று. போன பந்து அடியிலிருந்து துள்ளி வெளியே வந்துவிட்டது. குழிக்குள் பதித்திருக்கும் கிண்ணம் சரியாக உட்காரவில்லை. பந்து உள்ளே தங்காததால் அடி ஒன்று கூடியது. ஆறு நாள் முடிந்து கணக்குப் பார்த்தால் அவர் கார்டைத் தவறவிட்டதும் ஒரே அடியில்தான். கிண்ணத்தைப் பதித்த ஆள் செய்த தப்புக்கு டேலி ஒரு வருஷம் கட்டினார். இதில் திறமை எங்கே, உழைப்பு எங்கே, கத்தி எதைக் கூர்மையாக்கியது என்று அந்தப் போதனைக்காரர்கள் எனக்குச் சொல்லட்டும்.

உடனே அவர்கள் எடுத்துக்காட்டுவது அர்ஜுன் அத்வாலை. நியாயமாகவே பெரிய கதை அது. நானும் அதைக் கேட்டுப் புல்லரித்தவன்தான். அசன்சோலில் பிறந்த அத்வால், பிஜிஏ டூரில் உறுப்பினரான முதல் இந்தியர். தோள் காயத்தால் ஆட முடியாமல் கிடந்தார். காயப்பட்டவர்களுக்குத் தரும் சலுகையில் சில போட்டிகள் ஆடினார். 2010 ஜூலையில் அந்தச் சலுகையும் தீர்ந்து கார்டு போயிற்று. வயது 37. ஆகஸ்டில் விண்டம் சாம்பியன்ஷிப். திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றில் பழைய முயல்களைப் போலப் போய் நின்று இடம் பிடித்தார். வியாழக்கிழமை 61 அடி. ஞாயிற்றுக்கிழமை கடைசிக் குழியில் ஏழு அடி தூரத்துத் தட்டு உள்ளே போனது. டேவிட் டாம்ஸை ஒரே அடியில் முந்தினார். பிஜிஏ டூரில் ஜெயித்த முதல் இந்தியர். பரிசு 9 லட்சத்து 18 ஆயிரம் டாலர். போன கார்டு பறந்து வந்தது.

"பார்த்தீர்களா, கத்தி தொங்கியதால்தான்!" என்கிறார்கள்.

நான் கேட்பது இதுதான். திங்கட்கிழமைச் சுற்றில் நுழைந்து அதே வாரம் கோப்பையைத் தூக்கியவர் அத்வாலுக்கு முன்னால் யார்? 1986-இல் ஃப்ரெட் வாட்ஸ்வொர்த். அதாவது 24 வருஷம் ஒருவர்கூட இல்லை. அத்வாலுக்குப் பிறகு? 2019-இல் கோரி கானர்ஸ். இடைப்பட்ட காலத்தில் எத்தனை நூறு திங்கட்கிழமைகள், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர்! அவர்கள் கழுத்திலும் அதே கத்திதானே தொங்கியது? பயம்தான் மருந்து என்றால் அத்தனை பேருக்கும் அல்லவா வேலை செய்திருக்க வேண்டும்? கிணற்றில் விழுந்தவர்களில் ஒருவன் நீந்தக் கற்றுக்கொண்டான் என்பதற்காக யாரும் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளுவதில்லை.

இன்னொன்றையும் அவர்கள் சொல்லாமல் விடுகிறார்கள். அத்வால் ஜூலை வரைக்கும் தாக்குப் பிடித்தது காயச் சலுகை என்று ஒன்று இருந்ததால். தோள் போனவுடன் நேற்றே வீட்டுக்கு அனுப்பியிருந்தால் ஆகஸ்ட் திங்கட்கிழமை ஏது?

நம் நாட்டுக்கு வருவோம். "கோல்ஃப் பணக்காரன் ஆட்டம். தோற்றால் கார் ஏறி பங்களாவுக்குப் போவான், உமக்கென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. கிளப்பில் ஆடுகிறவர் பணக்காரர், ஒப்புக்கொள்கிறேன். கிண்டி ரேஸ் மைதானத்திலும் நந்தனத்திலும் ஊட்டியிலும் மட்டை சுழற்றியவர்கள் கலெக்டர்களும் கம்பெனி முதலாளிகளும்தான். ஆனால் சம்பாத்தியத்துக்காக ஆடுகிறவர் வேறு சாதி. இந்தியாவில் அவர்களில் கணிசமானவர்கள் அந்தப் பணக்காரர்களின் பையைத் தூக்கியவர்களும், புல் வெட்டியவர்களின் பிள்ளைகளும்தான்.

அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை தூக்கியவர். 1991-இல் இந்தியன் ஓப்பனை ஜெயித்தார், 1993-இல் மறுபடியும். அதற்கு முன் அந்தப் பட்டத்தை வாங்கிய இந்தியர் 1965-இல் பி.ஜி. சேத்தி ஒருவர்தான், அவர் தொழில்முறை ஆட்டக்காரரும் அல்ல. எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா, 1829-இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்த ஊழியர். மகன் 2008-இல் டெல்லியில் ஐரோப்பிய டூரின் இந்தியன் மாஸ்டர்ஸை ஜெயித்தார். பிறகு 2016, 2017 இரண்டு வருஷமும் இந்தியன் ஓப்பன். சின்னசாமி முனியப்பா என்று ஒருவர். பெயரைக் கேட்டால் செஞ்சிப் பக்கத்து ஆள் மாதிரி இருக்கிறது. பெங்களூரில் பை தூக்கிய பையன். 2009-இல் குர்காவுனில் இந்தியன் ஓப்பனின் கூடுதல் சுற்றில் கொரியாக்காரர் ஒருவரை வென்று கோப்பை வாங்கினார்.

இவர்கள் பெயர் நமக்குத் தெரிகிறது, ஜெயித்ததால். இவர்களோடு அதே மரத்தடியில் உட்கார்ந்து, அதே உடைந்த மட்டையால் பழகி, நாற்பதாவது ஐம்பதாவது இடத்திலேயே பதினைந்து வருஷம் ஆடியவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. உள்நாட்டில் 2006-இலிருந்து பிஜிடிஐ என்ற டூர் நடக்கிறது. பல போட்டிகளில் மொத்தப் பரிசு ஒரு கோடி ரூபாய், ஜெயித்தவருக்கு 15 லட்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பணம் பாதி வழியில் வரும் கோட்டோடு நின்றுவிடுகிறது. வருஷ முடிவில் இங்கே முதல் 60 பேருக்குத்தான் கார்டு நிலைக்கும். அறுபத்தியோராவது ஆள் மறுபடியும் தகுதிச் சுற்றுக்கு வரிசையில் நிற்க வேண்டும். ஜாம்ஷெட்பூர், அகமதாபாத், சண்டிகர் என்று ரயிலேறிப் போய், இரண்டு பேர் மூன்று பேராக ஒரே அறையில் தங்கி, இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு அடியில் கோட்டைத் தவறவிட்டால் கையில் வருவது பூஜ்யம். ஒரு மாதம் தொடர்ந்து அப்படி ஆனால் அது கடன்.

நம் பக்கத்து விவசாயி ஒருவருக்கு இதைச் சொன்னேன். "விதை நம்ம, உரம் நம்ம, உழவு நம்ம, வெளஞ்சா மட்டும் பங்கா?" என்று கேட்டார். அவருக்கு மூன்று ஏக்கர் வாரம். விஷயத்தை அக்கா பையனைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார்.

இந்த நிலைமையில் ஆடுகிறவன் கையைப் பாருங்கள். நூறு கெஜத்திலிருந்து பந்தை மெத்தையில் வைப்பது போல வைக்கிற அதே கை, நாலடித் தட்டில் நடுங்கும். டாக்டர்களே ஒப்புக்கொண்ட நடுக்கம் அது. அதற்கென்று கோல்ஃபில் தனிப் பெயர்கூட உண்டு. நடுங்குகிறவன் சோம்பேறி இல்லை. அந்த நாலடியில் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது, அதனால் நடுங்குகிறது. பயத்தால் திறமை வெளிவரும் என்கிறார்கள். எனக்குத் தெரிந்து பயத்தால் முதலில் வெளிவருவது வேர்வை.

சரி, தாங்குவதற்குத் தரை ஒன்று போட்டால் மனிதர்கள் சோம்பிப் போவார்களா? இதற்குப் பதில் தேட அமெரிக்கா வேண்டாம். மரக்காணம் போனால் போதும்.

உப்பளத்தில் மழைக்காலத்தில் வேலை கிடையாது, பாத்தியெல்லாம் வெள்ளம். எத்தனையோ தலைமுறை அந்த மூன்று மாதம் கடன் வாங்கித்தான் ஓட்டினார்கள். 2022-இலிருந்து அரசு, உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தருகிறது. மீனவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம்; அதற்கும் நிவாரணம் உண்டு. இந்தப் பணம் வந்த பிறகு மரக்காணத்தில் யாராவது ஜனவரியில் பாத்தி கட்ட வராமல் இருந்தார்களா? ஜூன் 15 விடிகாலை படகு இறங்காமல் இருந்ததா? வெயிலில் உப்பு வாருகிறவளுக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் சோம்பிவிடுவாள் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. அதே பேச்சை விளையாட்டுக்காரனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஞானம் மாதிரி கேட்கிறது.

விளையாட்டில் இந்தத் தரை புதிதும் அல்ல. நம் இளமையில் பார்த்த வாலிபால், கபடி, ஹாக்கி ஆட்டக்காரர்கள் எங்கே வேலை பார்த்தார்கள்? ரயில்வே, மின்சார வாரியம், போலீஸ், இந்தியன் பேங்க். காலையில் பயிற்சி, பத்து மணிக்குக் கையெழுத்து, சாயங்காலம் மறுபடியும் பயிற்சி. முழங்கால் போனாலும் சம்பளம் போகாது. டோனியே கரக்பூரில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர்தானே? அந்தச் சம்பளம் அவரைச் சோம்பேறியாக்கியதா? எங்கள் காலத்து முறையில் ஓட்டைகள் இருந்தன. சிபாரிசு இருந்தது, ஆடாமல் ஆட்டக்காரர் கோட்டாவில் உட்கார்ந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் தோற்றவன் வீட்டில் அடுப்பு எரிந்தது.

டென்னிஸில் சுமித் நாகல் கதை நமக்குக் கிட்டத்தில் நடந்தது. 2023 செப்டம்பரில், இந்தியாவின் முதல் நிலை ஒற்றையர் ஆட்டக்காரரான அவர் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோ, நம் காசுக்கு எண்பதாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்று பேட்டி கொடுத்தார். பரிசுப் பணம், இந்தியன் ஆயில் சம்பளம், ஒரு அறக்கட்டளை கொடுத்த உதவி எல்லாம் பயணத்துக்கும் பயிற்சிக்குமே போய்விட்டன என்றார். நாட்டுக்கே தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் உதவிகள் வந்தன. 2024 ஜனவரியில் ஆஸ்திரேலியன் ஓப்பனில் தரவரிசை பெற்ற புப்ளிக்கை வென்றார். 1989-இல் நம் ரமேஷ் கிருஷ்ணன் அதே ஆஸ்திரேலியாவில் விலாண்டரைச் சாய்த்த பிறகு கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் எந்த இந்தியரும் அதைச் செய்திருக்கவில்லை. பிப்ரவரியில் நுங்கம்பாக்கத்தில் சென்னை ஓப்பனை ஜெயித்து முதல் நூறுக்குள் நுழைந்தார். வறுமைதான் அவரை ஜெயிக்க வைத்தது என்று இதற்கும் ஒரு பதிவு வந்தது! அந்த வருஷம் முழுக்க மாதச் சம்பளம் கொடுத்த இந்தியன் ஆயிலை அதில் காணோம்.

பள்ளிகளுக்குள்ளும் இந்தக் கத்தி வந்துவிட்டது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தையல் போன்றவற்றுக்கு 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். தொகை பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. மே மாதம் மட்டும் பல வருஷம் கொடுக்கவில்லை, பள்ளி விடுமுறையாம். ஒரு பிள்ளைக்கு விசில் ஊதி ஓடக் கற்றுத் தருகிறவரே, அடுத்த வருஷம் நான் இருப்பேனா என்ற கோட்டில் நின்றுகொண்டு ஊதுகிறார். பதிமூன்று பதினான்கு வருஷமாக அந்த நிலையில் இருந்தவர்கள் பயத்தால் கூர்மையானார்களா, தளர்ந்தார்களா என்று நம் ஊர்ப் பள்ளிகளில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

"நீங்க பென்ஷன்காரர், பேசலாம்" என்று சிலர் சொல்வார்கள். ஆமாம், வாங்குகிறேன். மாதம் முதல் தேதி பணம் வரும் என்று தெரிந்தவனுக்குத்தான் அது வராதவனைப் பற்றிப் பேசும் கடமை அதிகம். பட்டினி கிடப்பவனே வந்து பட்டினியைப் பற்றி வாதாட வேண்டும் என்பது என்ன நியாயம்?

ஒரு எதிர்வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். கீழே இருப்பவர் விலகாவிட்டால் புதுப் பையன்கள் எப்படி மேலே வருவார்கள் என்பது. சரியான கேள்வி. கோடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டியல் இருக்கட்டும், மேலும் கீழும் போகட்டும். கீழே போகிறவன் எலும்பு முறியாமல் இறங்க ஒரு படி வேண்டும் என்கிறேன். இதை அமெரிக்காக்காரனே ஒப்புக்கொண்டுவிட்டான். 2022-இல் சவூதிப் பணத்தில் லிவ் என்ற போட்டி டூர் கிளம்பி நட்சத்திரங்களை அள்ளிக்கொண்டு போனபோது, பிஜிஏ டூர் அவசர அவசரமாக ஒரு திட்டம் அறிவித்தது: முழு உரிமை உள்ளவர் 15 போட்டி ஆடினால் வருஷத்துக்குக் குறைந்தது 5 லட்சம் டாலர் உறுதி, முழு உரிமை இல்லாதவர் வெள்ளிக்கிழமைக் கோட்டைத் தவறவிட்டாலும் போட்டிக்கு 5,000 டாலர். டென்னிஸிலும் 2023-இல் முதல் 250 ஆட்டக்காரர்களுக்குக் குறைந்தபட்ச வருமானத் திட்டம் அறிவித்தார்கள். அத்தனை காலமும் கத்திதான் திறமையை வளர்க்கிறது என்றவர்கள், பக்கத்துக் கடைக்காரன் கூடுதல் கூலி கொடுத்ததும் ஒரே வாரத்தில் மாறிவிட்டார்கள். அந்தத் தத்துவத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

அந்தக் கோடிகளை நான் இங்கே கேட்கவில்லை. ஒரு கோடி ரூபாய்ப் போட்டியில் கோட்டைத் தவறவிட்டவருக்கு ரயில் கட்டணமும் நான்கு நாள் அறை வாடகையும் கொடுங்கள். முதல் பரிசு 15 லட்சம் 12 லட்சமானால் ஜெயித்தவர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரும் அந்த மரத்தடியிலிருந்து வந்தவராக இருந்தால் நிச்சயமாக மாட்டார். கார்டு போனவருக்கு அடுத்த வருஷம் பாதிப் போட்டிகளிலாவது இடம் கொடுங்கள். பை தூக்கிய காலத்தில் எந்தக் கிளப்புக்காக வெயிலில் நடந்தாரோ அந்தக் கிளப், பந்து அடித்துப் பழக அவரைக் கேட்டுக்குள் விடட்டும். லட்சக்கணக்கில் பணம் கட்டி உறுப்பினராக அவரால் முடியாது.

நம் மாநில அரசிடம் கேட்க ஒன்று இருக்கிறது. நலிந்த நிலையில் உள்ள முன்னாள் விளையாட்டு வீரர்களுக்கு, 58 வயது முடிந்ததும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் தருகிறது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தேசிய அல்லது சர்வதேசப் போட்டிகளில் முதல் மூன்று இடங்களில் ஒன்றைப் பெற்றிருக்க வேண்டும் என்று விதி. நாற்பதாவது இடத்தில் பதினைந்து வருஷம் வயிற்றைக் கழுவியவர் எந்தச் சான்றிதழை இணைப்பார்? பதக்கத்தோடு, ஒருவர் எத்தனை வருஷம் தொழில்முறை டூரில் உரிமை வைத்திருந்தார் என்பதையும் கணக்கில் எடுக்கலாம். கோல்ஃப் என்றில்லை, டென்னிஸுக்கும் ஸ்குவாஷுக்கும் இது பொருந்தும்.

இப்படியே ஒரு மனு எழுதி, சென்னை பெரியமேடு நேரு விளையாட்டரங்க முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். பதிவுத் தபாலை விரைவு அஞ்சலோடு சேர்த்துவிட்டார்களே, அதனால் ஸ்பீடு போஸ்ட்டில்தான் போயிருக்கிறது. நகல் வேண்டுபவர்கள் சனிக்கிழமை காலை வீட்டுக்கு வரலாம். பத்துப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஆளுக்கொன்று கையெழுத்துப் போட்டு அனுப்பினால் ஒன்றாவது மேஜைக்குப் போகும்.